வழக்கறிஞரின் திட்டத்தையும் நீதிமன்ற உத்தரவையும் கட்சிக்காரர் படித்துப் புரிந்துகொள்வது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மூதாட்டி, மஞ்சள் பையில் நான்காக மடித்து வைத்திருந்த ஒரு தாளுடன் என் அலுவலகத்திற்கு வந்தார். அவர் பிரதிவாதியாக இருந்த ஒரு நில வழக்கில், குறித்த நாளில் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தது. அதை ரத்து செய்யக் கோரி அவர் தரப்பில் போட்ட மனுவின் மீது வந்த உத்தரவின் நகல்தான் அந்தத் தாள். "மனு அலவ் ஆகிவிட்டது, கேஸ் மறுபடியும் நடக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள் சார். இப்போது நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி கோர்ட் அமீனா வந்து நிற்கிறார்" என்றார். தாளைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "மனுதாரர் எதிர்மனுதாரருக்கு ரூ.2,000 செலவுத்தொகையை 18-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இம்மனு அனுமதிக்கப்படுகிறது. தவறினால் இம்மனு தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கருதப்படும். 19-ஆம் தேதி அழைக்க."

ரூ.2,000 அவரிடம் இருந்தது. 18-ஆம் தேதி என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "அனுமதிக்கப்படுகிறது" என்ற சொல்லை மட்டும் எடுத்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலநீட்டிப்பு மனு, சீராய்வு மனு என்று அலைந்து அந்த நிபந்தனையைத் திரும்பப் பிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்நாட்டின் உரிமையியல் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் எவரும் தம் வழக்கறிஞர் எந்தத் திட்டத்தில் போகிறார் என்பதையும், நீதிமன்றம் எழுதும் உத்தரவு தம்மிடம் எதைக் கேட்கிறது என்பதையும் தாமே படித்து அறிய முடியும். கீழமை நீதிமன்றங்களில் பிராது (வழக்குத் தொடுக்க வாதி தாக்கல் செய்வது), எதிர்வழக்குரை (அதற்குப் பிரதிவாதி தரும் பதில்), சாட்சியம், தீர்ப்பு ஆகியவை பெரும்பாலும் தமிழிலேயே இருப்பதால் இதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. எந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வது எளிது என்பதால், நம் ஊர்களில் அதிகம் காணப்படும் பாகப்பிரிவினை வழக்கை, அதிலும் தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு மகள் தொடுக்கும் வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

பிராதைக் கடைசியிலிருந்து படியுங்கள்

பிராது கைக்கு வந்ததும் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள். குடும்பக் கதை அங்கே இருக்கிறது. ஆனால் வழக்கறிஞரின் திட்டம் பரிகாரப் பத்தியில் இருக்கிறது. "ஆகையால் கனம் நீதிமன்றம் அவர்கள்" என்று தொடங்கி அ, ஆ, இ என்று அடுக்கப்படும் அந்தப் பத்தியில் கேட்காத ஒன்றை நீதிமன்றம் பொதுவாகக் கொடுப்பதில்லை. எனவே முதலில் அதைப் படித்து, அங்கு கேட்டிருப்பது கிடைத்துவிட்டால் உங்கள் பிரச்சினை உண்மையிலேயே தீருமா என்று பாருங்கள். அண்ணன் பெயரில் மட்டும் பதிவான ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் குறுக்கே நிற்கும்போது, அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையை, அதாவது நீதிமன்ற அறிவிப்பை, கேட்காமல் வெறும் பங்கை மட்டும் கேட்டிருந்தால், அதற்கு என்ன காரணம் என்று வழக்கறிஞரிடம் கேட்பது உங்கள் உரிமை. ஒரே வழக்கு மூலத்தில் (வழக்குக்குக் காரணமான சங்கதிகளில்) எழும் பரிகாரங்களில் ஒன்றை நீதிமன்ற அனுமதியின்றி விட்டுவிட்டால் பின்னர் அதற்காகத் தனி வழக்குப் போட முடியாதபடி உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 2-ஆவது கட்டளை, 2-ஆவது விதி தடுக்கிறது. உங்களுக்கு மிகையாகத் தோன்றும் பரிகாரங்களையும் வழக்கறிஞர் அடுக்கி வைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பரிகாரத்திலிருந்து பின்னோக்கிப் போனால் மற்ற பத்திகள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். மகள் தொடுக்கும் பாகப்பிரிவினை வழக்கில் "வாதியும் பிரதிவாதிகளும் தாவாச் சொத்தை (வழக்குக்குரிய சொத்தை) கூட்டு அனுபவத்தில் வைத்து வருகிறார்கள்" என்ற வரி அநேகமாக எல்லாப் பிராதுகளிலும் இருக்கும். திருமணமாகி வேறு ஊரில் வாழும் பெண் இதைப் படித்துவிட்டு, "நான் அங்கே இல்லவே இல்லையே, பொய் எழுதிவிட்டாரோ" என்று பதறுவதுண்டு. அது பொய் அல்ல. ஒரு கூட்டுரிமையாளரின் அனுபவம், அதாவது சொத்தைக் கையில் வைத்திருப்பது, மற்ற கூட்டுரிமையாளர்களுக்கும் சேர்ந்த அனுபவமாகவே சட்டத்தில் கொள்ளப்படும். அந்த வரி இரண்டு வேலைகளைச் செய்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டம், 1955-இன் 37-ஆவது பிரிவின்படி, கூட்டு அனுபவத்தில் இருப்பவர் நிலையான சிறு கட்டணம் கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். அடுத்தது காலவரையறை. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஒருவர் விலக்கப்பட்டு, அது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் சொல்கிறது. ஆகவே எதிர்த்தரப்பு "உன்னை எப்போதோ விலக்கிவிட்டோம்" என்று காட்டப் பாடுபடும். உங்கள் வழக்கறிஞர் அதற்கு இடம் கொடுக்காமல் எழுதியிருப்பார்.

இதே போலத்தான், "என் தங்கைக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை, அவளை ஏன் பிரதிவாதியாக்கினீர்கள்" என்ற கேள்வியும். பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் ஒருவரை விட்டாலும், பிரிக்க வேண்டிய சொத்தில் ஒன்றை விட்டாலும் வழக்கு அந்தக் குறையாலேயே விழக்கூடும். தங்கை பிரதிவாதி வரிசையில் இருந்தாலும் தமக்குரிய கட்டணத்தைக் கட்டித் தம் பங்கையும் அதே வழக்கில் பிரித்துக் கேட்கலாம். இதைத் தங்கையிடம் அழைப்பாணை போய்ச் சேருவதற்கு முன்பே நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டதால் பிளந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்ற பத்தியில், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் நடப்பிலிருந்த திருத்தமா, 9.9.2005 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தமா, எதன் மீது வழக்கறிஞர் நிற்கிறார் என்று கவனியுங்கள். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று தெளிவாக்கியபின், பல வழக்குகளின் திட்டமே மாறியது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதை மீண்டும் திறக்க இயலாது. இந்த வாதமெல்லாம் பூர்வீகச் சொத்துக்குத்தான் பொருந்தும். தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளின் உரிமை வாரிசு என்ற முறையில் வருகிறது. எனவே "இது பூர்வீகமா, சுயசம்பாத்தியமா" என்று வழக்கறிஞர் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்படையாமல் மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுங்கள். வழக்கு நிற்கும் தரையே அந்தப் பத்திரம்தான்.

நீங்கள் பிரதிவாதியாக இருந்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு. அழைப்பாணை கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணம் பதிந்து 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். சாதாரண உரிமையியல் வழக்குகளில் அதற்கு மேலும் தக்க காரணத்துக்காக அவகாசம் கொடுப்பதுண்டு என்றாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. எதிர்வழக்குரையில் உங்கள் கண் போக வேண்டியது மறுப்புகளின் மீது. பிராதில் சொன்ன ஒரு சங்கதியைக் குறிப்பாக மறுக்காவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். பிராதின் ஒவ்வொரு பத்தியையும் விரல் வைத்துப் பார்த்து, உண்மையல்லாத எதுவும் மறுக்கப்படாமல் விடுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே கையொப்பமிடுங்கள்.

வழக்கறிஞரிடம் பேசுவது

வழக்குக் கட்டு வழக்கறிஞரிடம் இருந்தாலும் சங்கதிகள் உங்களிடம் இருக்கின்றன. உங்களுக்குப் பாதகமான சங்கதியை மறைப்பது எல்லாவற்றிலும் பெரிய தீங்கு. தந்தை இறந்த மறு ஆண்டு அண்ணனிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தால், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதல் நாளில் தெரிந்தால் அதற்கேற்பப் பிராதை எழுதலாம். குறுக்கு விசாரணையில் தெரியவந்தால் எழுதியதைத் திருத்துவதும் கடினம். விசாரணை தொடங்கிய பின் வழக்குரையைத் திருத்த வேண்டுமானால், உரிய கவனத்துடன் இருந்தும் முன்பே அதை எழுப்ப முடியவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும்.

"ஜெயிக்குமா சார்" என்ற கேள்விக்கு நேர்மையான வழக்கறிஞர் எவரும் உறுதி சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாக, எதை நிரூபிக்கும் சுமை நம் மேல் இருக்கிறது, அதற்கு நம்மிடம் என்ன ஆவணம் இருக்கிறது, எதிர்த்தரப்பின் பலமான வாதம் எது, அடுத்த வாய்தாவில் நடக்கப் போவது என்ன, அதற்கு நான் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். பதில்களை அவர் முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்ற வராந்தாவில் நின்றபடி கேட்பதைவிட, மாலையில் அலுவலகத்தில் நேரம் வாங்கிக் கேட்பது இரு தரப்புக்கும் நல்லது. காலையில் பத்து வழக்குகளின் கட்டுகளைக் கையில் வைத்திருப்பவரிடம் தெளிவான பதில் வராது.

நீதிமன்றம் எழுவினாக்களை, அதாவது வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, வனைந்ததும் அவற்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "தாவாச் சொத்து முதல் பிரதிவாதியின் சுயசம்பாத்தியமா", "வாதி கூட்டு அனுபவத்தில் உள்ளாரா", "வழக்கு காலவரையறையால் பாதிக்கப்பட்டுள்ளதா" என்று நான்கைந்து கேள்விகள் இருக்கும். அதற்குப் பிறகு நடக்கும் எல்லா விசாரணையும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான். "மாமா என்னை அடித்ததைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்று வருந்துபவர்கள், அது எந்த எழுவினாவுக்குப் பதிலாகும் என்று பார்த்தால் வழக்கறிஞரின் மௌனத்துக்குக் காரணம் புரியும்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களிடம் பொய்யான சங்கதிகளை அடுக்கிக்கொண்டே போவார், கோபப்பட வேண்டாம். தம் கட்சியின் நிலையைச் சாட்சியின் முன் வைத்தாக வேண்டும் என்பது விசாரணை முறை. அப்போது உங்கள் வாக்குமூலத்தில் பதிவாகும் சொற்களைக் கவனியுங்கள். "1998-இல் வாய்மொழியாகப் பாகம் பிரிந்துவிட்டது என்று சொன்னால் அது சரியல்ல" என்று பதிவானால் அது மறுப்பு. "1998 முதல் முதல் பிரதிவாதி மட்டுமே நிலத்தை அனுபவித்து வருகிறார் என்றால் சரிதான்" என்று பதிவானால் அது ஒப்புதல். அண்ணன்தான் உழுகிறார் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் எல்லோருக்குமாகப் பார்த்துக்கொள்கிறார், அறுவடையில் உங்களுக்கும் நெல் வந்தது என்பதும் உண்மையாக இருந்தால், அந்த முழு உண்மையையும் அங்கேயே சொல்ல வேண்டும். "மட்டுமே" என்ற ஒரு சொல்லுக்குத் தலையாட்டினால், பிராதில் கூட்டு அனுபவம் என்று கட்டிய சுவர் அங்கேயே விரிசல் விடும். வாக்குமூலத்தில் கையொப்பமிடும் முன் படித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. படிக்கத் தெரியாதவர் படித்துக் காட்டச் சொல்லலாம்.

உத்தரவை எப்படிப் படிப்பது

உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் எண். ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, ஐ.ஏ. என்றால் அந்த வழக்கினுள் போடப்பட்ட இடைக்கால மனு; ஈ.பி. என்றால் நிறைவேற்றல் மனு, ஏ.எஸ். என்றால் முதல் மேல்முறையீடு. "தள்ளுபடி ஆகிவிட்டது" என்று கேட்டுக் கண் கலங்கி வரும் பலரிடம் அந்த எண்ணைக் காட்டியே ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஐ.ஏ. தள்ளுபடியானால் அந்த ஒரு கோரிக்கை மறுக்கப்பட்டது என்றுதான் பொருள். வழக்கு அப்படியே இருக்கிறது.

அடுத்து, முடிவுப் பத்திக்குப் போங்கள். அதற்கு முன்னால் இருக்கும் பக்கங்களில் இரு தரப்பு வாதமும் எழுதப்பட்டிருக்கும். எதிர்த்தரப்பு சொன்னதை நீதிபதி எடுத்தெழுதியிருப்பதைப் படித்துவிட்டு, நீதிபதியே அப்படி நினைக்கிறார் என்று கருதிக்கொள்வது சாதாரணமாக நேரும் பிழை. முடிவுப் பத்தியில் யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் தேடி எடுத்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். "தவறினால்", "நிபந்தனையின் பேரில்", "அதுவரை", "அடுத்த விசாரணை வரை" ஆகிய சொற்கள் வந்தால் பேனாவால் அடிக்கோடு போடுங்கள். அந்த மூதாட்டியின் தாளில் யார், எதை, எப்போது, தவறினால் என்ன என்ற நான்குமே இரண்டு வரிகளுக்குள் இருந்தன. குறித்த காலத்துக்குள் செய்ய முடியாத நிலை வந்தால், காலம் முடிவதற்கு முன்பே உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 148-ஆவது பிரிவின்படி நீட்டிப்புக் கேட்டு மனுப் போட வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

சொற்களின் வேறுபாடும் முக்கியம். பிராது "திருப்பப்பட்டது" என்றால் குறையைச் சரிசெய்து, கொடுத்த கெடுவுக்குள் மீண்டும் தாக்கல் செய்யலாம். "நிராகரிக்கப்பட்டது" என்றால் சட்டப்படி அந்தப் பிராது நிற்காது என்று நீதிமன்றம் முடிவெடுத்துவிட்டது. அதன் மீது மேல்முறையீடு செய்யலாம். "வாதி ஆஜரில்லை, தள்ளுபடி" என்றால் 30 நாட்களுக்குள் மனுப் போட்டு வழக்கைத் திரும்பக் கோப்பிற்கு எடுக்கலாம். "வலியுறுத்தப்படவில்லை, தள்ளுபடி" என்றால் உங்கள் தரப்பே அந்த மனுவை விட்டுவிட்டது என்று பொருள். இது சில நேரம் நல்ல திட்டமாகவும் இருக்கும், ஆனால் ஏன் விட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரதிவாதி மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தால் அதை நீக்கக் கோரவும் 30 நாட்கள்தான். அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படாத (கையில் சேர்ப்பிக்கப்படாத) நிலையில், தீர்ப்பாணை பற்றித் தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும்.

இடைக்காலத் தடையாணையை மக்கள் பெரும்பாலும் வழக்கின் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தோற்றத்தில் வழக்குக்கு முகாந்திரம் உண்டா, வசதி வசதியின்மையின் சமநிலை யார் பக்கம், தடை தராவிட்டால் ஈடுசெய்ய முடியாத நட்டம் வருமா என்ற மூன்றை மட்டும் பார்த்து, சொத்தைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கப்படும் ஏற்பாடு அது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே கொடுத்த தடையாணை என்றால் 30 நாட்களுக்குள் அந்த மனுவை முடித்துவைக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 39-ஆவது கட்டளை சொல்கிறது. அதில் எத்தனை நாள் வரை தடை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். "12-ஆம் தேதி வரை" என்று இருந்து, 12-ஆம் தேதி நீட்டிக்கப்படாமல் போனால், 13-ஆம் தேதி உங்கள் கையில் தடையாணை இல்லை. மாறாக, கால எல்லை குறிக்காமல் உயர் நீதிமன்றம் கொடுத்த தடை ஆறு மாதத்தில் தானாகவே முடிந்துவிடும் என்று ஒரு கருத்து 2018 முதல் நிலவியது, 29.2.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது.

தற்போதுள்ள நிலையே நீடிக்க வேண்டும் என்று வரும் உத்தரவில் ஒரு பள்ளம் இருக்கிறது. "தற்போதுள்ள நிலை" எது என்று உத்தரவில் எழுதாமல் விட்டால், வேலி போட்டவர் வேலி இருந்ததே நிலை என்பார், வேலியைப் பிடுங்கியவர் பிடுங்கிய பின் உள்ளதே நிலை என்பார். இப்படிப்பட்ட வழக்கில், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கோரும் மனுவை உங்கள் வழக்கறிஞர் அவசரமாகப் போட்டால், அதற்கு ஆகும் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். ஆணையர் வந்து வரைபடத்துடன் பதிவு செய்யும் நிலைமைதான் பின்னர் உங்களைக் காப்பாற்றும். தடையாணை உங்களுக்கு எதிராக இருந்தால், அது தவறு என்று நீங்கள் நம்பினாலும், நீக்கப்படும் வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். மீறினால் சொத்து பற்றுகை (ஜப்தி) செய்யப்படலாம்; மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்பதை அன்றே பார்க்க, மின்-நீதிமன்றங்கள் சேவையின் செயலியோ இணையதளமோ உதவும். உங்கள் வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை வழக்கறிஞரிடமோ குமாஸ்தாவிடமோ வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த தேதியும் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆயினும் செயலியில் வரும் ஒற்றை வரியை உத்தரவாகக் கொள்ளக் கூடாது. நிபந்தனை இருப்பதற்கு வாய்ப்புள்ள எந்த உத்தரவுக்கும் நகல் மனுப் போட்டு முழுத் தாளையும் வாங்குங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு என்பது காரணங்களைச் சொல்வது. தீர்ப்பாணை, அதாவது டிக்ரி, உரிமைகளை முடிவு செய்து எழுதப்படும் தனி ஆவணம். இரண்டுக்கும் நகல் வேண்டும். டிக்ரி வந்ததும் அதில் உள்ள சொத்து விவரத்தை, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை உட்பட, பத்திரத்துடனும் பட்டாவுடனும் வைத்து ஒப்பிடுங்கள். தட்டச்சுப் பிழை இருந்தால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி திருத்தலாம்.

தீர்ப்பு பாதகமாக இருந்தால் நகல் மனுவை அன்றே போடுங்கள். மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றம் என்றால் 90 நாட்கள், மற்ற நீதிமன்றங்கள் என்றால் 30 நாட்கள். நகல் பெறுவதற்குத் தேவைப்படும் நாட்களைச் சட்டம் கணக்கில் கழித்துக் கொடுக்கிறது. ஆனால் நீங்கள் விண்ணப்பிக்காமல் இருந்த நாட்களைக் கழிப்பதில்லை. மார்ச் 3-இல் தீர்ப்பாகி 20-ஆம் தேதி நகல் மனுப் போட்டால், இடையில் போன 16 நாட்கள் உங்கள் 30 நாட்களிலிருந்து போயின. மேல்முறையீடு தாக்கலானதாலேயே கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணை நின்றுவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குத் தனியே தடை மனு வேண்டும்.

சமரசம் பேசும் நிலை எந்தக் கட்டத்திலும் வரலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. சமரச மனு எழுத்தில் இருந்து தரப்பினர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்புதலையும் வழக்கறிஞர் உங்கள் அறிவுறுத்தல் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் வலியுறுத்தியது. நீதிமன்றத்திற்கு வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. பாதி வழியில் சமரசம் ஆனவர்களில் பலர் இந்தத் தொகையைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வழக்கறிஞரின் மேல் நம்பிக்கை போய்விட்டால், "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கி வேறொருவருக்கு வக்காலத்துக் கொடுக்கலாம். மறுத்தால் நீதிமன்ற அனுமதியுடன் மாற்றலாம். கட்டணம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆனால் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் போவது முறை. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பாகப்பிரிவினை வழக்கில் வென்றவர் கையில் முதலில் கிடைப்பது முதனிலைத் தீர்ப்பாணை மட்டுமே. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அது சொல்லும். எந்த மூன்றில் ஒன்று என்று சொல்லாது. அதன் பின் இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு, ஆணையர் நில அளவருடன் வந்து அளந்து, பங்குகளைப் பிரித்து அறிக்கை கொடுத்து, இரு தரப்பு ஆட்சேபணையும் கேட்டு முடிந்த பிறகு, உரிய முத்திரைத்தாளைக் கொடுத்தால்தான் இறுதித் தீர்ப்பாணை எழுதப்படும். முதனிலைத் தீர்ப்பாணையோடு வீட்டுக்குப் போய்ப் பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. ஆணையர் வரும் நாளில் நீங்களே நிலத்தில் நில்லுங்கள்; கிணறு எந்தப் பங்கில் விழுகிறது, வண்டிப்பாதை யாருக்கு என்பதெல்லாம் அன்றுதான் முடிவாகின்றன.

அப்போதும் எதிர்த்தரப்பு ஒப்படைக்காவிட்டால், 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்றல் மனுப் போட வேண்டும். அமீனா வந்து சுவாதீனம் ஒப்படைத்ததும் உங்களிடம் ஒரு பெறுதல் (ரசீது) கேட்பார். அதில் கையொப்பமிடும் முன், அவர் காட்டிய எல்லைக் கற்களையும் டிக்ரியில் உள்ள சொத்து விவரத்தையும் நில அளவரை வைத்துக்கொண்டு அங்கேயே ஒத்துப் பாருங்கள். அந்தப் பெறுதலின் நகலையும் இறுதித் தீர்ப்பாணையின் நகலையும் எடுத்துக்கொண்டு, அதே வாரத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள்.